உப்புக் கட்டி வைத்த வழி

பாவீத்தி
28 நவம்பர் 1992

அன்புள்ள ஸகிய்யா அக்காவுக்கு,

தம்பி லுத்ஃபியின் ஸலாம். இங்கே நானும் ரவ்ஹிய்யாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? ஸனூஸி மச்சானுக்கும் உங்கள் மகள் ஹனியாவுக்கும் என் ஸலாமைச் சொல்லுங்கள்.

இந்த சீசனின் முதல் கிராக்கி வந்து போய்விட்டது. கெய்ரோவிலிருந்து ஒரு பல் டாக்டர் குடும்பம். டாக்டர் ரஃபத், அவர் மனைவி ஸுஹைர் மதாம், ஒன்பது வயதில் நிவீன் என்று ஒரு வாயாடி, ஆறு வயதில் ஹாதிம். ஜீப்பில் நாலு நாள். மதாம் மணலுக்குக் குதிகால் செருப்போடு வந்து இறங்கினார். முதல் நாள் மதியமே, "பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். நான் இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினேன். டாக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சாயங்காலம் வரை மதாம் அவரோடு பேசவில்லை.

மணல் மேட்டில் ஏறுவதற்கு முன் டயரில் காற்றை இறக்கினேன். டாக்டர் பதறிப்போய், "பஞ்சராயிடுச்சா லுத்ஃபி? நாம செத்தோமா?" என்றார். நிவீன், "அப்பா, நீங்க பல்லைப் பாருங்க, டயரை அவர் பார்ப்பாரு" என்றாள். தணலில் புதைத்துச் சுட்ட ரொட்டியை மணலைத் தட்டிக் கொடுத்தேன். எல்லோரும் போட்டி போட்டுச் சாப்பிட்டார்கள்.

மூன்றாம் நாள் அவர்களை மேற்கே கூட்டிப் போனேன். ஸீவாவிலிருந்து வரும் வழி வளைகிற இடத்தில் அந்தக் கறுப்பு மேடு இருக்கிறதே, அங்கே. அதன் மேல் நின்றால் பெருமணல் தொடங்குவது தெரியும். வழி நெடுக அடையாளத்துக்கு நிற்கும் கற்குவியல்களைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளுக்கும் ஆசை வந்துவிட்டது. மேட்டிலிருந்து மணலைப் பார்த்து வரிசையாக மூன்று குவியல் கட்டினார்கள். நல்ல கை, அக்கா, நம் ஆட்கள் கட்டியது போலவே இருந்தது. மதாம் ஒரு சுருள் ஃபிலிமை அங்கேயே தீர்த்தார்.

ஒரு உதவி. புது அறைக்குக் கூரை போட வேண்டும். பேரீச்ச மரத்தைப் பிளந்து உத்தரம் வைக்க மச்சானை விட்டால் ஆள் இல்லை. குளிர் முடிவதற்குள் அனுப்பி வையுங்கள்.

உங்கள் தம்பி,
லுத்ஃபி

ஸீவா
14 டிசம்பர் 1992

அன்புத் தம்பி லுத்ஃபிக்கு,

அக்காவின் ஸலாமும் துஆவும். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அது என்னோடுதான் கப்ருக்கு வரும் போல. ரவ்ஹிய்யாவுக்கு இருமல் நின்றதா? பிள்ளைகளுக்கு என் முத்தம்.

உன் கடிதம் கெய்ரோ போய், மத்ரூஹ் போய், ஊரெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு இன்றுதான் வந்தது. ஹனியா சத்தமாக வாசித்தாள். குதிகால் செருப்புக்கு உன் மச்சான் இரண்டு தடவை சிரித்தார்.

அதெல்லாம் இருக்கட்டும். அந்தப் பிள்ளைகள் அடுக்கிய கல்லைத் தள்ளிவிட்டுத்தானே வண்டி ஏறினாய்? நீ எழுதவில்லையே என்று கேட்கிறேன். உனக்குப் பத்து வயதிருக்கும், விளையாட்டுக்கு ஒரு குவியல் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாய். "அதை நம்பி ஒருத்தன் வருவான்டா. போய்த் தள்ளிட்டு வந்து ரொட்டியைத் தொடு" என்று அப்பா உன்னை ஆறு மைல் திருப்பி நடக்க வைத்தார். நான்தான் தண்ணீர் எடுத்துக்கொண்டு உன் பின்னாலேயே வந்தேன். வழியெல்லாம் அழுதாய்.

உன் மச்சான் 22ஆம் தேதி பிக்கப்பில் கிளம்புகிறார். உனக்கு இரண்டு டின் ஒலிவ எண்ணெய் வருகிறது. ஒரு மூட்டை ஏரி உப்புக் கட்டியும் ஏற்றியிருக்கிறார். எதற்கு என்று உனக்குத் தெரியும். எல்லோரும் போகிற வழியில் குவியல் மேல் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவார்கள். இவர் உப்புக் கட்டி வைப்பார். "வெயில்ல பளிச்சுன்னு தெரியும்டி, பின்னால வர்றவனுக்கு ஆகும்" என்பார். வீட்டில் ஒரு குடத்தை எடுத்து வைக்க மாட்டார். வழிப்போக்கனுக்கு எல்லாம் செய்வார்.

மூன்று நாளில் உன் வாசலில் நிற்பார். சாப்பாட்டில் உறைப்பைக் குறை, அவருக்கு வயிறு சரியில்லை.

அக்கா ஸகிய்யா

ஸீவா
9 ஜனவரி 1993

தம்பி லுத்ஃபிக்கு,

ஸலாம். எல்லோரும் நலமா?

விருந்தாளியைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒரு வரி எழுதக்கூடாதா? கூரைதானே போடச் சொன்னாய், கோட்டையா கட்டுகிறார்? தொலைபேசி நிலையத்துக்குப் போய்ப் பேசலாம் என்றால் வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். அதனால் எழுதுகிறேன். ஒலிவம் பறித்து முடிந்தது, ஆள் இல்லாமல் எல்லாம் கிடக்கிறது. உடனே அனுப்பி வை.

ஸகிய்யா

பாவீத்தி
24 ஜனவரி 1993

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். மனதைத் திடப்படுத்திக்கொண்டு படியுங்கள். மச்சான் இங்கே வரவில்லை. ஒலிவப் பறிப்பு முடியட்டும் என்று தாமதிக்கிறார் போல என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

உங்கள் கடிதம் வந்த அன்றே ஐந்து ஜீப் கிளம்பினோம். எல்லைக் காவல் ஆட்களும் ஒரு வண்டி தந்தார்கள். இப்போதுதான் மாற்று டயருக்காக ஊருக்குள் வந்தேன், மறுபடி போகிறேன். வழிக் குவியல்களில் மச்சானின் உப்புக் கட்டி வரிசையாக இருக்கிறது. கறுப்பு மேடு வரை ஒன்று விடவில்லை. அதற்கு அப்புறம் காணோம். அங்கே காற்று தடத்தையெல்லாம் துடைத்துவிட்டது. மற்றவர்கள் வடக்கே தேடப் போகிறார்கள்.

நான் நாளை தனியாக வேறு பக்கம் பார்க்கலாம் என்று இருக்கிறேன். துஆ செய்யுங்கள்.

லுத்ஃபி

ஸீவா
20 மார்ச் 1993

தம்பி லுத்ஃபிக்கு,

ஸலாம். ஜனவரிக்கு அப்புறம் உன்னிடமிருந்து ஒரு எழுத்து இல்லை. ரவ்ஹிய்யா சுகமா? நீ உடம்போடுதான் இருக்கிறாயா?

நோன்பு முடியப் போகிறது. முதல் பதினைந்து நாள், நோன்பு திறக்கும்போது அவருக்கும் ஒரு தட்டு வைத்தேன். பேரீச்சம்பழம் மூன்று, தண்ணீர் ஒரு குவளை. தொழுதுவிட்டு வந்து பார்த்தால் எனக்கு அந்தக் குவளையைத் தொடப் பயமாக இருக்கும். ஹனியாதான் எடுத்துக் கொட்டுவாள். பதினைந்தாம் நாள் அவள், "குடிச்ச மாதிரி இருக்கும்மா" என்றாள். அன்றோடு தட்டு வைப்பதை நிறுத்திவிட்டேன்.

ஊர் வேறு கதை பேசுகிறது. என் நாத்தனார் நடு வீட்டில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறாள்: "என் தம்பிக்கு வழி தெரியாதா? கண்ணைக் கட்டி விட்டாலும் பாவீத்தி போயிடுவான். உப்பை வச்சு நம்மையெல்லாம் ஏமாத்திட்டுத் தெற்கால சுத்தி லிபியாவுல குஃப்ராவுக்குப் போயிட்டான். அங்க ஒருத்தியைப் பார்த்து வச்சிருப்பான். வீட்ல நிம்மதி இருந்தா ஆம்பளை ஏன் போறான்?"

எனக்கு வாயடைத்துவிட்டது. லுத்ஃபி, எனக்கு வாயடைத்து நீ பார்த்திருக்கிறாயா? பெருநாள் வாழ்த்துகள்.

ஸகிய்யா

பாவீத்தி
2 மே 1993

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். எல்லோரும் சுகம். தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

நாத்தனார் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மச்சான் அப்படிப்பட்டவர் இல்லை.

எனக்குத் தூக்கம் சரியில்லை. ஒரு வேடிக்கை கேளுங்கள். மதியத்தில் ஜீப் ஓட்டும்போது பின்பக்கக் கண்ணாடியில் ஒரு வண்டி வருவது தெரிகிறது. நான் வேகம் எடுத்தால் அதுவும் எடுக்கிறது, நான் நின்றால் நிற்கிறது. இறங்கிப் பார்த்தால் ஒன்றுமில்லை, கானல். போன வாரம் வந்த கிராக்கியிடம், "பின்னால யாராவது வர்றாங்களா பாருங்க" என்று கேட்டேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "உங்க பழைய கடன்காரனா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். மறுநாள் அந்தக் கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டேன்.

கூரை போடவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

லுத்ஃபி

ஸீவா
11 ஜூலை 1993

தம்பி லுத்ஃபிக்கு,

ஸலாம்.

ஹனியாவைப் பெண் கேட்டு நல்ல இடத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பிள்ளையோட வாப்பா மவுத்தா, இல்ல ஓடிப்போயிட்டாரா? எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க. ஓடினவர் மகள்னா எங்க வீட்டு ஆம்பளைங்க யோசிப்பாங்க" என்றாள். ஹனியா அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் போன பிறகு அவளும் அதையே என்னிடம் கேட்டாள்.

நான் விதவையும் இல்லை, கட்டினவனோடு இருப்பவளும் இல்லை. கல்யாண வீட்டில் எந்த வரிசையில் உட்காருவது என்று கூடத் தெரியவில்லை.

அதனால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். அவர் போய்விட்டார். இருபது வருஷம் என் கையால் தின்றுவிட்டுப் போய்விட்டார். அவருடைய ஜல்லாபியா அங்கி, குளிர்ச் சட்டை எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பள்ளிவாசல் வாசலில் இருக்கும் கண் தெரியாத கிழவருக்குக் கொடுத்துவிட்டேன். நாத்தனார் சொன்ன நாளிலிருந்தே காலையில் எழுந்ததும் அந்த லிபியாக்காரியைத் திட்டுகிறேன், அப்புறம் அவரைத் திட்டுகிறேன், அதற்கப்புறம்தான் அடுப்பைப் பற்ற வைக்கிறேன். அவளுக்கு நானே ஒரு முகமும் வைத்துவிட்டேன்.

நீ ஒன்று மட்டும் செய். அல்லாஹ் மேல் ஆணையாக எழுது. உன் கண்ணில் அவர் படவே இல்லையா? நீ ஆணையிட்டால் நான் இதோடு விட்டுவிடுவேன்.

ஸகிய்யா

பாவீத்தி
25 செப்டம்பர் 1993

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். ஹனியாவின் கல்யாணம் நல்லபடி அமையும். கவலைப்படாதீர்கள்.

நீங்கள் கேட்டதற்கு: மச்சான் என் வீட்டுக்கு வந்து சேரவில்லை.

அவரைத் திட்டாதீர்கள் அக்கா. இது ஒன்றுதான் நான் உங்களிடம் கேட்பது.

போன வருஷத்துப் பல் டாக்டர் எழுதியிருக்கிறார். நவம்பரில் மறுபடி வருகிறார்களாம். பிள்ளைகள் தாங்கள் கட்டிய குவியல்களைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்களாம். முடியாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன். அப்புறம் சரி என்று எழுதிவிட்டேன். தனியாகப் போக என்னால் முடியவில்லை.

லுத்ஃபி

கெய்ரோ
26 நவம்பர் 1993

லுத்ஃபி அங்கிளுக்கு,

நிவீன் எழுதுறேன். நீங்க நல்லா இருக்கீங்களா? ஜீப் நல்லா இருக்கா? ஹாதிம் உங்களுக்கு ஸலாம் சொல்லச் சொன்னான். அவனுக்கு முன் பல் விழுந்துடுச்சு, அப்பாதான் பிடுங்கினாங்க, ஒரே அழுகை.

நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். அம்மா உண்மையை எழுதச் சொன்னாங்க. நம்ம மூணு குவியல் மேலயும் யாரோ ஒரு வெள்ளைக் கல் வச்சிருந்தாங்க இல்ல? கறுப்புக் குவியல்ல தொப்பி போட்ட மாதிரி அழகா இருந்துச்சு. நான் "இது யார் வச்சது?"ன்னு கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லாம மண்ல உட்கார்ந்துட்டீங்க. அப்பா "ஏன் லுத்ஃபி அழறீங்க?"ன்னு கேட்டாங்க. கண்ல மணல்னு சொன்னீங்க. அன்னைக்குக் காத்தே இல்லையே.

அப்புறம் போட்டோ எடுக்கறதுக்குள்ள மூணையும் நீங்களே காலால தள்ளிட்டீங்க. எனக்குக் கோபம் வந்துச்சு. வெள்ளைக் கல் ரெண்டை நீங்க துணியில சுத்தி எடுத்துக்கிட்டீங்க. மூணாவதைத் தேடினீங்களே, அது என் பையில இருந்துச்சு. நான்தான் எடுத்தேன். மன்னிச்சிடுங்க.

அது கல்லே இல்லை அங்கிள். நக்கிப் பார்த்தேன், உப்பு. பாத்ரூம்ல வச்சிருந்தேன், ஈரத்துல கரைஞ்சு பாதியாயிடுச்சு.

இன்னொண்ணு கேக்கணும். மூணாவது குவியலுக்கு அந்தப் பக்கம் மணல்ல ஒரு வண்டியோட கூரை கொஞ்சம் தெரிஞ்சுது. அம்மா அது பழைய யுத்தத்துல விட்டுட்டுப் போன வண்டின்னு சொன்னாங்க. அது பக்கத்துல தோட்டத்துப் பாத்தி மாதிரி நீளமா கல் அடுக்கியிருந்துச்சே, அது நாங்க கட்டினது இல்லை. நீங்க கட்டினதா?

மீதி உப்பை அனுப்பட்டுமா?

நிவீன் ரஃபத்

(பின்பக்கத்தில், வேறு கையெழுத்தில்)

அக்கா, இந்தப் பிள்ளையின் கடிதத்தைப் படியுங்கள். - லுத்ஃபி, 10 டிசம்பர்

ஸீவா
2 ஜனவரி 1994

படித்தேன். ஹனியாவிடம் கொடுக்காமல், அந்தப் பிள்ளையின் கிறுக்கல் எழுத்தை நானே கூட்டிப் படித்தேன். ஒரு பகல் ஆனது.

இனி நீ எழுது. ஒன்றையும் விடாதே.

ஸகிய்யா

பாவீத்தி
18 ஜனவரி 1994

அக்கா,

ஸலாம் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

பிள்ளைகள் குவியல் கட்டிய அன்றே நான் கல்லைத் தள்ளத்தான் போனேன். ஹாதிம் என் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். டாக்டர், "விடுங்க லுத்ஃபி, இந்தப் பக்கம் எந்த மனுஷன் வரப்போறான்?" என்றார். வண்டி ஏறிவிட்டேன். அடுத்த முறை வரும்போது தள்ளிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்புறம் மறந்தும்விட்டேன். நீங்கள் டிசம்பரில் கேட்டு எழுதிய கடிதம் மச்சான் கிளம்பிய பிறகுதான் எனக்குக் கிடைத்தது. அதைப் படித்தபோதும், மச்சானுக்குத் தெரியாத வழியா என்றுதான் நினைத்தேன்.

மணல் நகர்ந்தால் வழியை மாற்றிப் புதுக் கல் வைப்பது நம் ஆட்கள் வழக்கம்தானே. அவர் அப்படித்தான் நினைத்திருக்கிறார். புது வழி என்று நம்பி மூன்றின் மேலும் உப்பு வைத்திருக்கிறார், பின்னால் வருபவனுக்காக. போன வருஷம் ஜனவரி 25ஆம் தேதி மதியம், மற்றவர்கள் யாரும் ஏறிப் பார்க்காத அந்தக் கறுப்பு மேட்டில் தனியாக ஏறி நின்றேன். கீழே மூன்றும் பளிச்சென்று மின்னிக்கொண்டிருந்தன. அங்கேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அச்சு முறிந்து பிக்கப் மணலில் இறங்கியிருந்தது. அவர் வண்டியை விட்டு நகரவில்லை. கல் அடுக்கிய வழியாயிற்றே, யாராவது வருவார்கள் என்று உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர்க் கேன்கள் காலி. வண்டி நிழலில், தொழும் திசையான கிப்லாவைப் பார்த்துச் சாய்ந்திருந்தார். முகம் அமைதியாகத்தான் இருந்தது, இதை நான் உங்களுக்காகச் சொல்லவில்லை.

இதை எழுதத்தான் கை வரவில்லை. மூன்றாவது குவியலுக்கும் வண்டிக்கும் நடுவில் குறுக்காக ஒரு வரிசை கல் வைத்திருந்தார். இந்தப் பக்கம் வராதே என்பதற்கு நாம் வைக்கிற அடையாளம். அந்த நிலையிலும் கல் சுமந்து வந்து வைத்திருக்கிறார். நான் செய்ய வேண்டியதை அவர் செய்துவிட்டுப் போனார்.

நானே தொழுது நானே அடக்கினேன். திரும்பி வரும்போது எல்லோரிடமும் சொல்வது என்றுதான் வந்தேன். ஊர் எல்லையில் நம் ஜீப்காரர்கள் தேநீர் கொதிக்க வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். "ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்டார்கள். இல்லை என்று வாய் சொல்லிவிட்டது. பொய்க் கல் விட்டவன் கையில் இந்த ஊரில் யார் குவளை கொடுப்பார்கள்? அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. அந்தக் கற்களைத் தள்ளக்கூட முடியவில்லை. இரண்டு தடவை கிளம்பிப் பாதியில் திரும்பினேன். அவர் கைபட்ட உப்பு மேலே இருந்தது.

நேற்று ஷேக்கிடமும் ஜீப்காரர்களிடமும் சொல்லிவிட்டேன். யாரும் என்னைத் திட்டவில்லை. குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

லுத்ஃபி

ஸீவா
3 பிப்ரவரி 1994

லுத்ஃபிக்கு,

உன் உடம்பைப் பற்றி இந்தத் தடவை நான் விசாரிக்கப் போவதில்லை.

ஹனியாவை உட்கார வைத்து உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். குறுக்கே வைத்த கல் வரிசை வரைக்கும் அவள் அழவில்லை. அப்புறம் நாத்தனாரைக் கூப்பிட்டு அனுப்பி அவளுக்கும் வாசித்தேன். அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் அவளைத் தேற்றினேன். பார், என் நிலைமையை.

மாப்பிள்ளை வீட்டாருக்கும் சொல்லி அனுப்பிவிட்டேன். பிள்ளையின் வாப்பா மவுத்து, ஓடவில்லை.

அதன் பிறகு குளித்து, பெட்டியிலிருந்து வெள்ளை உடுப்பை எடுத்து வைத்துவிட்டு ஷேக்கிடம் ஆள் அனுப்பினேன். என் புருஷனுக்காக நாலு மாதமும் பத்து நாளும் துக்கம் காத்து இத்தா இருக்கப் போகிறேன், என்றிலிருந்து தொடங்குவது என்று கேட்டேன். அவர் நல்ல மனுஷர், தானே வந்து வாசலில் நின்று சொன்னார்: "அது மவுத்தான நாள்லேர்ந்து கணக்கும்மா. சேதி உங்களுக்கு எப்ப வந்தாலும் சரி. அது போன மே மாசமே முடிஞ்சு போச்சு. இனிமே நீங்க இருக்க வேண்டியது ஒண்ணுமில்ல."

மே மாதம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? லிபியாக்காரியைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் மண்ணுக்குள் கிடக்க, அவருக்கு நான் இருக்க வேண்டிய நாட்களை அவரைச் சபித்தே கழித்திருக்கிறேன். இருபது வருஷம் அவரோடு இருந்ததற்கு எனக்கு மிச்சம் இருந்தது அந்த நாட்கள்தான். வெள்ளையை மறுபடி பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

கல்லைத் தள்ளாமல் விட்டது உன் புத்தி கெட்ட நேரம். அதை ஒரு நாள் நான் மன்னித்தாலும் மன்னிப்பேன். "அவரைத் திட்டாதீர்கள்" என்று எழுதினாயே, அந்தக் கையாலேயே காரணத்தையும் எழுதியிருக்கலாம். அதை மன்னிக்க எனக்கு வழி தெரியவில்லை.

நோன்பு பிறக்க ஒரு வாரம்தான் இருக்கிறது. நோன்பு முடிந்த மறுவாரம் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஸீவாவுக்கு வா. என்னையும் ஹனியாவையும் அந்த வழியாகவே அவரிடம் கூட்டிப் போ. கெய்ரோக்காரர்களைக் கூட்டிப் போனாயே, அதே மாதிரி. தண்ணீரும் ரொட்டியும் நாங்கள் கொண்டு வருகிறோம், உன் கையால் ஒன்றும் வேண்டாம். ஹனியா முன்னால் உட்காருவாள், நான் பின்னால்.

மூன்று நாள் பயணம். போகும்போதும் வரும்போதும் நீ ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசாமல் இருப்பது உனக்குப் பழக்கம்தான்.

ஸகிய்யா